பெயரில்லாத அந்தப் பத்து நாட்கள்

(குடும்ப ஞாயிறன்று மாலை, ஆஸ்பத்திரி ஆலயத்தில் கூடிய பெண்கள் ஐக்கிய சங்கத்தாருக்கும் அவர்கள் குடும்பத்தாருக்கும் ஆற்றிய உரை)



இன்று நாங்கள் பேச எடுத்துக்கொண்ட பொருளைச் சொன்னதுமே முன்வரிசையிலிருந்த பெரியவர்கள் சிலர் பாட்டுப் புத்தகத்தைப் புரட்ட ஆரம்பித்ததைக் கவனித்தோம். மாதவிலக்குக்கு முந்தின நாட்களில் பெண்கள் படும் உபாதையைப் பற்றி, அறுபது வயதைத் தாண்டிய ஒரு சாப்ளின் ஆலயத்தில் நின்று பேசலாமா என்று நீங்கள் நினைப்பது நியாயமே. நாங்களும் அப்படித்தான் நினைத்து இத்தனை வருஷம் பேசாமல் இருந்தோம். அந்த மௌனத்தினால் ஒரு சகோதரிக்கு நாங்கள் செய்த தவறு ஒன்று உண்டு. அதை அறிக்கையிடாமல் இந்தப் பேச்சைத் தொடங்க எங்களுக்கு மனம் வரவில்லை.

அந்தச் சகோதரி ஒரு கிராமப் பள்ளியில் ஆசிரியை. இரண்டு பிள்ளைகளுக்குத் தாய். எட்டு மாதத்துக்குள் மூன்று முறை அவர்கள் கணவர் அவர்களை எங்கள் அறைக்கு அழைத்து வந்தார். "வீட்டில் சமாதானம் இல்லை ஐயா. காரணமில்லாமல் கோபப்படுகிறாள். பிள்ளைகளை அடிக்கிறாள். அப்புறம் அவளே உட்கார்ந்து அழுகிறாள்" என்றார். அந்தச் சகோதரியோ, "நான் பாவி ஐயா. எவ்வளவு ஜெபித்தாலும் இந்தக் கோபம் போகவில்லை. செத்துப்போனால் தேவலை என்று தோன்றுகிறது" என்று அழுதார்கள். நாங்கள் பொறுமையைப் பற்றிப் பேசினோம். நாவடக்கத்தைப் பற்றிப் பேசினோம். தலையில் கைவைத்து ஜெபித்து அனுப்பினோம். ஒவ்வொரு முறையும் இரண்டு மூன்று நாளில் கணவர் ஆள் மூலம் செய்தி அனுப்புவார்: "ஐயா ஜெபம் பண்ணினதும் மனசு லேசாகிவிட்டது, இப்போது நன்றாக இருக்கிறாள்." நாங்களும் ஸ்தோத்திரம் பண்ணி, எங்கள் நோட்டில் "ஜெபம் கேட்கப்பட்டது" என்று எழுதி வைத்தோம்.

மூன்றாம் முறை அவர்கள் வந்தபோது, பெண்கள் பிரிவில் பல வருஷமாக வேலை பார்க்கும் மூத்த நர்ஸ் ஒருவர் தற்செயலாக எங்கள் அறையில் இருந்தார்கள். அந்தச் சகோதரியைத் தனியாக வராந்தாவுக்கு அழைத்துக்கொண்டு போய் ஒரே ஒரு கேள்வி கேட்டார்களாம்: "கண்ணு, போன தடவை இங்கே வந்துவிட்டுப் போன பிறகு எத்தனை நாளில் குளித்தாய்?" அந்தச் சகோதரி யோசித்துவிட்டு, "இரண்டு நாளில், சிஸ்டரம்மா" என்றார்கள். "அதற்கு முந்தின தடவை?" "அதுவும் அப்படித்தான்."

நர்ஸ் திரும்பி வந்து எங்கள் நோட்டைக் கேட்டு வாங்கி, தேதிகளைப் பார்த்துவிட்டு, "ஐயா, நீங்கள் ஜெபம் பண்ணினது நல்லதுதான். ஆனால் இந்தப் பிள்ளைக்கு வந்திருப்பது பாவம் அல்ல, மாதத்துக்கு ஒருதரம் வருகிற வியாதி" என்றார்கள். எங்கள் ஊழியத்தில் எங்களுக்குக் கிடைத்த மிகச் சுருக்கமான பிரசங்கம் அதுதான். வியாதியாய் இருந்த ஒருத்தியிடம் எட்டு மாதமாக மனந்திரும்பு, மனந்திரும்பு என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறோம்.

பிரியமானவர்களே, நம்முடைய வீடுகளில் மாதவிலக்கு நாட்களுக்கு எத்தனையோ பெயர்கள் உண்டு. தூரம் என்கிறோம், தீட்டு என்கிறோம், வெளியே இருக்கிறாள் என்கிறோம். ஆனால் அதற்கு முந்தின ஏழு அல்லது பத்து நாட்களுக்கு நம் வீடுகளில் பெயரே கிடையாது. பெயர் இல்லாததனால் அந்த நாட்களில் நடப்பதற்கெல்லாம் வேறு பெயர் வைத்துவிடுகிறோம். கொழுப்பு என்கிறோம், வாய்த்துடுக்கு என்கிறோம், சோம்பல் என்கிறோம். சில இடங்களில் பிசாசு என்றும் சொல்லி, துரத்துகிறோம் என்று பெண்பிள்ளைகளை அலைக்கழிக்கிறார்கள்.

மருத்துவ உலகம் இதற்குப் பெயர் வைத்து வெகுகாலம் ஆகிறது. அமெரிக்காவில் ராபர்ட் பிராங்க் என்ற மருத்துவர் 1931-இல் இதைப் பற்றி எழுதினார். இங்கிலாந்தில் கேதரினா டால்ட்டன் என்ற பெண் மருத்துவரும் ரேமண்ட் கிரீன் என்ற மருத்துவரும் 1953-இல் எழுதிய கட்டுரையின் மூலம் இன்றைய பெயர் நிலைபெற்றது. சுருக்கமாக பி.எம்.எஸ். என்கிறார்கள். மார்பு கனத்து வலிப்பது, வயிறு உப்புவது, கால் கை வீங்குவது, தலைவலி, இடுப்பு வலி, தூக்கம் கெடுவது, இனிப்பின்மேல் ஆசை, காரணமில்லாத அழுகை, எரிச்சல், எதிலும் மனம் ஒட்டாத சோர்வு ஆகியவை இதன் அடையாளங்கள். எல்லாருக்கும் எல்லாம் வருவதில்லை. ஆனால் வருகிற காலம் மட்டும் ஒன்றுதான். கருமுட்டை வெளியான பிறகு தொடங்கும். உதிரம் கண்ட சில நாட்களில் விலகிவிடும்.

எங்கள் டாக்டர்கள் சொல்லித்தந்த ஒரு காரியத்தை இங்கே சொல்ல வேண்டும். இந்தப் பெண்களின் இரத்தத்தைப் பரிசோதித்தால் ஹார்மோன்களின் அளவு பெரும்பாலும் மற்றப் பெண்களுக்கு இருப்பதைப் போலவே இருக்கும். ஹார்மோன்கள் ஏறி இறங்கும்போது அதற்கு அவர்களுடைய மூளை கூடுதலாக அசைந்து கொடுக்கிறது. மனநிலையைச் சமன்படுத்துகிற செரோட்டோனின் முதலான இரசாயனங்கள் அப்போது தடுமாறுகின்றன. ஒரே காற்றடித்தாலும் தென்னை ஒருவிதமாகவும் வாழை வேறுவிதமாகவும் அசைகிறதல்லவா? வாழையைப் பார்த்து, நீ ஏன் தென்னையைப்போல நிற்கவில்லை என்று யாராவது கோபித்துக்கொள்வார்களா?

அப்படியானால் என்ன செய்யலாம்? முதலாவது செய்ய வேண்டியதற்குக் காசு செலவில்லை. ஆண்டுதோறும் சபையில் உங்களுக்கு ஒரு காலண்டர் கொடுக்கிறோம். அதை எடுத்துக்கொள்ளுங்கள். மனம் கெட்ட நாளில் தேதிக்குக் கீழே ஒரு புள்ளி வையுங்கள். மிகவும் மோசமான நாளானால் இரண்டு புள்ளி. உடல் உபாதைக்கு ஒரு சிறு கோடு. உதிரம் கண்ட நாளில் ஒரு வட்டம். அன்றன்று இரவே குறிக்க வேண்டும். மாதக் கடைசியில் நினைவிலிருந்து எழுதினால் தப்பாகிவிடும். இரண்டு மாதவிலக்குச் சுற்று முடிந்ததும் எடுத்துப் பாருங்கள். புள்ளிகளெல்லாம் வட்டத்துக்கு முன்னால் கூட்டமாக வந்து, வட்டத்துக்குப் பின்னால் மறைந்திருந்தால் அது பி.எம்.எஸ். புள்ளிகள் மாதம் முழுவதும் சிதறிக் கிடந்தால் அது வேறு. மனச்சோர்வு நோயாக இருக்கலாம், தைராய்டுக் கோளாறாக இருக்கலாம், இரத்தசோகையாக இருக்கலாம். வீட்டுக்குள் நடக்கிற கொடுமையாகவும் இருக்கலாம். அதற்குத் தக்க உதவியைத் தேட வேண்டும். உலகமெங்கும் டாக்டர்கள் இந்த நோயைக் கண்டுபிடிக்கிற முறையும் இப்படிக் குறித்து வைப்பதுதான். இதைக் காட்டுகிற இரத்தப் பரிசோதனை எதுவும் இல்லை.

இரண்டாவது, சாப்பாடு. 1998-இல் அமெரிக்காவில் நடந்த ஓர் ஆய்வில் 466 பெண்களை இரண்டு பிரிவாகப் பிரித்து, ஒரு பிரிவுக்குத் தினமும் 1200 மில்லிகிராம் கால்சியமும், மற்றப் பிரிவுக்கு வெறும் மாத்திரையும் கொடுத்தார்கள். மூன்றாம் சுற்றில் கால்சியம் சாப்பிட்டவர்களுக்குத் தொல்லைகள் 48 சதவீதம் குறைந்திருந்தன. வெறும் மாத்திரை சாப்பிட்டவர்களுக்கும் 30 சதவீதம் குறைந்திருந்தன. இரண்டையும் சேர்த்தே சொல்லுகிறோம். கால்சியம் உதவுகிறது, ஆனால் அது மந்திரம் அல்ல. கவனிப்பாரற்றுக் கிடந்த ஒருத்தியை யாரோ ஒருவர் அக்கறையாய்க் கவனித்தாலே பாரம் ஓரளவு குறைகிறது என்பதையும் அந்த 30 சதவீதத்தில் நாங்கள் பார்க்கிறோம்.

நம் நாட்டுப் பெண்களுக்கு நாள் ஒன்றுக்கு 1000 மில்லிகிராம் கால்சியம் வேண்டும் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020-இல் சொல்லியிருக்கிறது. நம் வீட்டுப் பெண்களில் எத்தனை பேருக்கு அதில் பாதி கிடைக்கிறது? பிள்ளைக்குப் பால், மாமனாருக்குப் பால், வீட்டுக்காரருக்குத் தயிர், தாய்க்கு மட்டும் கடுங்காப்பி என்பதுதானே பல வீடுகளின் வழக்கம். 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் உண்டு. எள்ளில் அதைவிடப் பல மடங்கு உண்டு. முருங்கைக்கீரை, மோர், முள்ளோடு சாப்பிடுகிற பச்சை நெத்திலி எல்லாம் நம் ஊரில் கிடைப்பவைதான். காலையில் கேழ்வரகுக் கூழும் மோரும், மத்தியானம் முருங்கைக்கீரை, மாலையில் ஓர் எள்ளுருண்டை, இரவில் ஒரு டம்ளர் பால் என்றாலே ஒரு பெண்ணுக்கு வேண்டியதில் பெரும்பங்கு சேர்ந்துவிடும். கொண்டைக்கடலையும் வாழைப்பழமும் பி-6 என்ற வைட்டமினைத் தரும். அந்த வைட்டமினும் இதற்கு ஓரளவு உதவலாம் என்று 1999-இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் எழுதினார்கள். ஆனால் கடையில் மாத்திரையாக வாங்கி இஷ்டப்படி விழுங்கக் கூடாது. அளவு மிஞ்சினால் நரம்பு கெட்டுக் கை கால் மரத்துப்போகும்.

பட்டினி கிடக்காதீர்கள். காலை உணவை விட்டுவிட்டு மத்தியானம் மூன்று மணிக்குச் சாப்பிடுகிற வழக்கம் அந்த நாட்களில் எரிச்சலை இன்னும் மூட்டிவிடும். வயிறு உப்புகிறவர்கள் ஊறுகாய், அப்பளம், கருவாடு இவற்றை அந்த வாரத்தில் குறைத்துப் பாருங்கள். தூக்கம் கெடுகிறவர்கள் மத்தியானத்துக்கு மேல் காப்பியையும் டீயையும் நிறுத்திப் பாருங்கள். 2019-21-இல் எடுத்த தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 15 முதல் 49 வயதுள்ள பெண்களில் 57 சதவீதம் பேருக்கு இரத்தசோகை இருக்கிறது. அந்தச் சோர்வும் இதோடு சேர்ந்துகொண்டால் பாரம் இரட்டிப்பாகும். ஆகவே இரத்தத்தைப் பரிசோதித்துக்கொள்ளுங்கள். இரும்புச்சத்து மாத்திரையையும் கால்சியம் மாத்திரையையும் ஒரே வேளையில் விழுங்காமல், இடைவெளி விட்டுச் சாப்பிடுங்கள்.

மூன்றாவது, நாட்டு வைத்தியம். மிஷன் ஆஸ்பத்திரிக்காரர்கள் நாட்டு மருந்து என்றாலே முகம் சுளிப்பார்கள் என்று சிலர் நினைக்கிறார்கள். தரங்கம்பாடிக்கு வந்த மிஷனெரிகளில் ஒருவரான கிரண்ட்லர், 1711-லேயே தமிழ் மருத்துவச் சுவடிகளைக் கொண்டு ஜெர்மன் மொழியில் ஒரு மருத்துவ நூலை எழுதியவர். வேதத்திலும், எசேக்கியா ராஜாவின் கொப்புளத்துக்கு ஏசாயா தீர்க்கதரிசி அத்திப்பழப் பற்றுப் போடச் சொன்னதை வாசிக்கிறோம். ஆகவே எங்களுக்கு நாட்டு மருந்தின்மேல் வெறுப்பு இல்லை. எந்த மருந்தையும் கேட்பது போலவே அதையும் சில கேள்விகள் கேட்கிறோம்.

உளுந்தங்களியை எடுத்துக்கொள்ளுங்கள். வயதுக்கு வந்த பெண்ணுக்குக் கருப்பட்டியும் நல்லெண்ணெயும் விட்டுக் கிண்டிக் கொடுக்கிற நம் பாட்டிமார் வழக்கம் நல்ல வழக்கம். அது நல்ல ஆகாரம். ஆனால் சடங்கு முடிந்த பிறகு அந்தப் பெண்ணுக்கு அதை யாரும் கிண்டிக் கொடுப்பதில்லை. நாற்பது வயதுக்காரிக்கும் அது வேண்டும். சுக்கும் இஞ்சியும் மாதவிலக்கு நாளின் வயிற்று வலிக்கு உதவுவதாகச் சில ஆய்வுகள் காட்டுகின்றன. வயிற்று உப்புசத்துக்குச் சீரகத் தண்ணீர் பலருக்கு இதமாயிருக்கிறது. குடிப்பதில் கெடுதல் இல்லை.

குங்குமப்பூவைப் பற்றி ஈரானில் 50 பெண்களிடம் செய்த ஒரு சிறிய ஆய்வு 2008-இல் வெளியானது. காலையும் மாலையும் 15 மில்லிகிராம் வீதம் இரண்டு சுற்றுக் காலம் கொடுத்தபோது பலன் தெரிந்தது. அது சிறிய ஆய்வு, குங்குமப்பூவோ விலை உயர்ந்தது, கலப்படமும் அதிகம். கடன் வாங்கி வாங்குகிற அளவுக்கு அதில் ஒன்றுமில்லை.

நொச்சியைப் பற்றியும் சொல்ல வேண்டும். நம் வேலியோரத்து நொச்சிக்கு ஐரோப்பாவில் ஓர் உறவுச் செடி உண்டு. அதன் பழச் சாற்றிலிருந்து செய்த மாத்திரையை ஜெர்மனியில் 170 பெண்களிடம் மூன்று சுற்றுக் காலம் ஆராய்ந்து 2001-இல் வெளியிட்டார்கள். மருந்து சாப்பிட்டவர்களில் 52 சதவீதம் பேருக்கும், வெறும் மாத்திரை சாப்பிட்டவர்களில் 24 சதவீதம் பேருக்கும் தொல்லைகள் பாதியாகவோ அதற்கு மேலுமோ குறைந்தன. இதைக் கேட்டுவிட்டு நாளைக்கே நொச்சியிலையைக் காய்ச்சிக் குடிக்காதீர்கள். அக்காள் தங்கை என்பதனால் இருவர் குணமும் ஒன்றாகிவிடுமா? அந்த ஆய்வு அந்தச் செடிக்குத்தான் செல்லும். நம் நொச்சியை ஆவி பிடிக்க வைத்துக்கொள்ளுங்கள்.

அசோகப்பட்டை பெண்களின் உதிரக் கோளாறுகளுக்கு நெடுங்காலமாக வழங்கி வருகிற மருந்து. ஒரு சகோதரர் எங்கள் ஆஸ்பத்திரி வளாகத்தில் உயரமாக நிற்கிற மரத்தின் பட்டையைச் சீவிக்கொண்டிருந்தார். விசாரித்தால், மனைவிக்குக் கஷாயம் வைக்க அசோகப்பட்டை என்றார். பாவம், அது அசோகமே அல்ல, நெட்டிலிங்கம். கோயில் வாசலிலும் பள்ளிக்கூட வாசலிலும் வரிசையாய் நட்டு, அசோகமரம் என்று நாம் சொல்லுகிற மரம் பெரும்பாலும் அதுதான். மருந்துச் சரக்கிலும் இந்தக் கலப்படம் நடப்பது தெரிந்த விஷயம். அரிஷ்டமாக வாங்கினால் அதில் புளித்து உண்டாகிற சாராயச் சத்தும் கொஞ்சம் உண்டு என்பதை மறக்கவேண்டாம். ஆகவே நாட்டு மருந்து சாப்பிட விரும்புகிறவர்கள் படித்துப் பதிவுபெற்ற சித்த மருத்துவரிடம் போங்கள். அரசு ஆஸ்பத்திரிகள் பலவற்றிலேயே சித்த மருத்துவப் பிரிவு இருக்கிறது. பெயர் எழுதாத பொட்டலத்தையும் பற்பத்தையும் வாங்காதீர்கள். அவற்றில் சிலவற்றில் ஈயமும் பாதரசமும் இருந்து கேடு செய்ததுண்டு. கர்ப்பம் தரித்திருக்கலாம் என்கிற சந்தேகம் இருந்தால் எந்த மூலிகையையும் தொடாதீர்கள். வேறு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இரண்டு வைத்தியரிடமும் அதை மறைக்காமல் சொல்லுங்கள்.

நான்காவது, நடையும் தூக்கமும். வாரத்தில் ஐந்து நாள், அரை மணி நேரம் வேகமாக நடப்பது மனத்துக்கும் உடலுக்கும் நல்லது. "நாள் முழுவதும் வீட்டுக்குள்ளேதானே நடக்கிறோம்" என்று சகோதரிகள் சொல்லுவீர்கள். அது வேலை, இது நடை. இரண்டு பேராக, வெளிக்காற்றில், கையில் குடமோ பையோ இல்லாமல் நடந்து பாருங்கள். தூக்கத்தைப் பற்றிச் சொல்லவேண்டுமானால் எலியாவை நினைத்துக்கொள்கிறோம். சூரைச்செடியின்கீழ்ப் படுத்து, இனிப் போதும், சாகலாம் என்று சொன்ன அந்தப் பெரிய தீர்க்கதரிசிக்கு தேவன் முதலாவது பிரசங்கம் பண்ணவில்லை. தூங்கவிட்டார். தூதனை அனுப்பிச் சுட்ட அடையும் தண்ணீரும் கொடுத்தார். மறுபடியும் தூங்கவிட்டு மறுபடியும் சாப்பிடச் சொன்னார். பேசினது அதற்குப் பிறகுதான். நாங்கள் அந்த ஆசிரியைக்குச் செய்தது இதற்கு நேர்மாறு. முதலில் பேசினோம்; சாப்பிட்டாயா, தூங்கினாயா என்று கேட்கவே இல்லை.

இப்போது சகோதரர்களாகிய உங்களிடம் இரண்டு வார்த்தை. காலண்டரில் இருக்கிற புள்ளிகள் உங்கள் கையில் ஆயுதமாகிவிடக் கூடாது. மனைவி எதையாவது கேட்டால் உடனே காலண்டரைப் பார்த்து, "ஓ, உனக்கு அந்த நாளா?" என்று கேட்பீர்களானால், அந்தக் காலண்டரைக் கழற்றி வைத்துவிடுவதே நலம்.

அந்த ஆசிரியையின் கதையில் நாங்கள் இன்னும் சொல்லாத ஒரு பாகம் உண்டு. அவர்கள் கோபப்பட்ட நாட்களிலெல்லாம் திரும்பத் திரும்பச் சொன்ன ஒரு காரியம் இருந்தது. அவர்களைக் கேட்காமலே அவர்கள் நகையைக் கணவர் தம் தம்பிக்காக அடகு வைத்திருந்தார். மற்ற இருபது நாளும் அதை மனதுக்குள் போட்டு மூடி வைத்திருப்பார்கள். அந்தப் பத்து நாளில் மூடி திறந்துகொள்ளும். கோபம் வந்த விதம் வியாதியினால். கோபத்தின் காரணமோ உண்மையானது. வியாதி என்று தெரிந்துவிட்டதனால் அந்தக் காரணத்தையும் வியாதியின் கணக்கில் எழுதிவிடுவது அநியாயம். அந்த நாளில் வாதாட வேண்டாம். ஆனால் நல்ல நாள் வந்ததும், "அன்றைக்கு நீ சொன்ன அந்த நகை விஷயத்தைப் பேசுவோம்" என்று நீங்களே ஆரம்பியுங்கள். மனைவியை மதிப்பது என்றால் இதுதான். கூடவே அந்த வாரத்தில் தண்ணீர்க் குடத்தைத் தூக்குங்கள். இரவுப் பாத்திரத்தைக் கழுவுங்கள். ஆண்மை குறைந்துவிடாது.

நம் முன்னோர் மாதவிலக்கான பெண்ணை வெளித் திண்ணையில் உட்கார வைத்தார்கள். அதில் அவமானம் இருந்தது. அந்த அவமானம் போனதற்காக ஸ்தோத்திரம். ஆனால் அந்த மூன்று நாள் அவள் குனிந்து நிமிராமல் இருந்தாள் என்பதும் உண்மை. அவமானத்தைத் தூக்கியெறிந்த நாம் ஓய்வையும் சேர்த்து எறிந்துவிட்டோம். மரியாதையோடு ஓய்வு கொடுக்க இனியாவது கற்றுக்கொள்வோம்.

கடைசியாக ஓர் எச்சரிப்பு. இந்த உபாதையில் கடுமையான வகை ஒன்று உண்டு. சில பெண்களுக்கே அது வரும். அந்த நாட்களில் வாழ்வே வேண்டாம் என்று தோன்றும்; வேலைக்குப் போக முடியாது; உறவுகள் முறியும். 2013-இல் அமெரிக்க மனநல மருத்துவர்கள் இதைத் தனி நோயாகத் தங்கள் வகைப்பாட்டில் சேர்த்தார்கள். பிறகு உலக சுகாதார நிறுவனமும் தன் நோய்ப் பட்டியலில் சேர்த்தது. இதற்குக் கேழ்வரகும் நடையும் மட்டும் போதாது. டாக்டர் தருகிற மருந்து உண்டு. செரோட்டோனினைச் சீர்படுத்துகிற அந்த மருந்தைச் சிலருக்கு மாதத்தில் பாதி நாள் மட்டும் கொடுத்தாலே போதுமாயிருக்கிறது. பேசிக் குணப்படுத்துகிற ஆலோசனை முறைகளும் உண்டு. மாத்திரை சாப்பிடுவது விசுவாசக் குறைவு என்று யாராவது உங்களிடம் சொன்னால், அவர் மூக்குக்கண்ணாடி போட்டிருக்கிறாரா என்று பாருங்கள். சாவைப் பற்றி ஒரு பெண் வாய்திறந்து சொன்னால், நாள் கணக்குப் பார்த்துக்கொண்டு இராமல் அன்றைக்கே அழைத்து வாருங்கள். அவளைத் தனியாக விடாதீர்கள்.

எங்களைப் போன்ற ஆண்கள் இதைப் பேசக் கூச்சப்படுவதின் விலை என்ன என்பதற்கு நம் மிஷன் சரித்திரத்திலேயே சாட்சி உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் திண்டிவனத்தில், பிரசவ வேதனையிலிருந்த மனைவிகளுக்காக ஒரே இரவில் மூன்று பேர் ஐடா ஸ்கடர் அம்மையாரின் வீட்டுக் கதவைத் தட்டினார்கள். அவருடைய தகப்பனார் மருத்துவர். ஆனால் ஆண் வைத்தியர் வேண்டாம் என்று மூவரும் திரும்பிப் போனார்கள். மூன்று பெண்களும் மரித்தார்கள். அதனால் அசைக்கப்பட்டு மருத்துவம் படித்து வந்த அந்த அம்மையாரின் ஊழியத்திலிருந்து வேலூர் ஆஸ்பத்திரி எழும்பியது. பெண்ணின் உடலைப் பற்றி வாய்திறக்காத மௌனம் உயிரை வாங்கும் என்பதை அந்த இரவு சொல்லுகிறது.

சுவிசேஷத்தில் பன்னிரண்டு வருஷம் பெரும்பாடுள்ள ஸ்திரீ ஒருத்தியை வாசிக்கிறோம். இருந்ததையெல்லாம் வைத்தியர்களுக்குச் செலவழித்தவள். கூட்டத்தின் நடுவில் அவள் வாய்திறந்து தன் காரியம் முழுவதையும் சொல்லும்வரை ஆண்டவர் நின்றார். அவர் போய்க்கொண்டிருந்ததோ அவசரமான ஒரு காரியத்துக்கு. ஆனாலும் நின்றார். கேட்டார். மகளே என்று அழைத்தார். கூச்சப்படவில்லை.

அந்த ஆசிரியை எப்படி இருக்கிறார்கள் என்று கேட்பீர்கள். முழுவதும் சுகமாகிவிட்டது என்று சொல்லி உங்களைச் சந்தோஷப்படுத்த ஆசைதான். ஆனால் அது உண்மையல்ல. எங்கள் டாக்டரம்மா இரண்டு மாதக் காலண்டரைப் பார்த்துவிட்டு, கால்சியமும் மாதத்தில் பாதி நாளுக்கு ஒரு மாத்திரையும் கொடுத்திருக்கிறார்கள். இரத்தசோகையும் இருந்தது; அதற்கும் மருந்து சாப்பிட்டார்கள். மாலையில் இன்னொரு ஆசிரியையோடு நடக்கிறார்கள். கணவர் காலையில் கேழ்வரகுக் கூழ் காய்ச்சக் கற்றுக்கொண்டார். முதல் வாரம் கட்டி கட்டியாக இருந்ததாம். நகை மீட்கப்பட்டு வீடு வந்தது. இப்போதும் மாதத்தில் இரண்டு மூன்று நாள் புள்ளி விழுகிறது. ஆனால் போன முறை வந்தபோது அவர்கள் சொன்னது: "ஐயா, இப்போதெல்லாம் அந்த நாள் வந்தால், இது நான் இல்லை, இது போய்விடும் என்று எனக்குத் தெரிகிறது. பிள்ளைகளிடமும், அம்மாவுக்கு இன்றைக்குப் புள்ளி நாள் என்று சொல்லிவிடுகிறேன். அவர்கள் சத்தம் போடாமல் விளையாடுகிறார்கள்."

பெயரில்லாதிருந்த நாட்களுக்கு அந்த வீட்டில் ஒரு பெயர் கிடைத்துவிட்டது.

எங்கள் நோட்டில் "ஜெபம் கேட்கப்பட்டது" என்று எழுதிய மூன்று இடங்களையும் நாங்கள் அடிக்கவில்லை. தேவன் கேட்டுத்தான் இருக்கிறார். அந்த மூன்றாம் நாளில் மூத்த நர்ஸை எங்கள் அறைக்கு அனுப்பி வைத்தது அவரல்லாமல் யார்? ஆனால் ஒவ்வொரு வரிக்கும் கீழே ஒரு கேள்வியைச் சேர்த்து எழுதியிருக்கிறோம். இப்போது ஆலோசனைக்கு வருகிற ஒவ்வொரு சகோதரியையும் அந்தக் கேள்வியை ஒரு நர்ஸ் கேட்ட பிறகே நாங்கள் பேச உட்காருகிறோம்: "அம்மா, காலண்டரில் இன்றைக்கு உங்களுக்கு என்ன நாள்?"

கர்த்தர் உங்கள் வீடுகளையும், உங்கள் வீட்டுப் பெண்களின் சரீரத்தையும் மனதையும் சமாதானத்தோடு காத்துக்கொள்வாராக. ஆமென்.